ஏழாவது பெயருக்கு அழைப்பு வரவில்லை

சமையலறைச் சுவரில் தொங்கும் டெலிபோன் கடைசியாக அடித்துப் பத்து மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

மார்லிஸ் டாலஃப்ஸன் கணக்கு வைத்திருந்தாள். காலை ஆறே முக்காலுக்கு யாரோ தவறான எண்ணில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்கள். அதோடு சரி. இப்போது மாலை ஐந்து அடித்து ஐந்து நிமிடம்.

மகள் ஜோலீன் புதன்கிழமை பேசுவதாகச் சொல்லியிருந்தாள். இன்று புதன்.

ஞாயிற்றுக்கிழமை இதே சமையலறையில் நின்றுதான் ஜோலீன் அந்தச் செய்தியைச் சொன்னாள். நர்ஸ் படிப்பைக் கடைசி வருடத்தில் விட்டுவிட்டாள். மினியாபொலிஸில் ஒரு ரேடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மார்லிஸ் அதற்குச் சொன்ன பதில் நல்ல பதில் இல்லை.

"ரத்தத்தைப் பார்த்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போ. ரேடியோ கீடியோன்னு பெரிசா பேசாதே."

ஜோலீன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இரண்டு வாக்கியங்களை மார்லிஸ் மூன்று நாளாக மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் டெலிபோன் சும்மா இருந்ததற்கு அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

அப்போது வயலில் இயந்திரச் சத்தம் நின்றது.

அக்டோபர் நடுவில் மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை மழை என்று வானிலை சொல்கிறது. இப்படிப்பட்ட நாளில் ஐயோவா மாநிலத்தில் எவனும் வெளிச்சம் இருக்கும்வரை அறுவடை இயந்திரத்தை நிறுத்த மாட்டான். அவள் கணவன் வென்டலின் அப்பா இறந்த அன்றுகூட இந்த வயலில் இரவு ஏழு வரை இயந்திரம் ஓடியது. ஓட்டியவன் வென்டல்தான்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வரிசையின் பாதியில் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. வென்டல் வீட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தான். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

"மெஷின் கெட்டுப் போச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"சீக்கிரமா ஆகிற மாதிரி ஏதாவது பண்ணு, மார்லிஸ். ஆறரைக்கு நான் கிளம்பணும்."

"எங்கே?"

"சாப்பிடும்போது சொல்றேன்."

மாடிக்குப் போனான். தரையில் அவனுடைய பூட்ஸ் தடம் ஒன்றன்பின் ஒன்றாக மாடிப்படி வரை போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே குளியலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் கிண்ணத்தில் சவரத் தூரிகை சுழலும் சத்தம்.

வென்டல் சனிக்கிழமை மாலைதான் சவரம் செய்வான், ஞாயிறு சர்ச்சுக்காக.

மார்லிஸ் குளிர்பெட்டியைத் திறந்து ஹாம் துண்டுகளை எடுத்தாள். பன்றித் தொடையை விரல் தடிமனுக்கு அறுத்த வட்டத் துண்டுகள். நடுவில் காசு அளவு எலும்பு. ஏற்கெனவே உப்பிட்டுப் புகைபோட்டது என்பதால் சூடாக்கிப் பாகு பூசினால் போதும். இருபது நிமிட வேலை.

ஓரத்துக் கொழுப்பில் கத்தியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டாள். கீறாவிட்டால் சூட்டில் துண்டு கிண்ணம் மாதிரி வளைந்துகொள்ளும். இரும்பு வாணலியில் வெண்ணெய் உருகியது. நாலு துண்டை எடுத்தவள், ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். ஜோலீன் இல்லை.

பின்கதவு படாரென்று திறந்தது. பதினேழு வயது கர்ட், தோளில் கால்பந்துப் பையோடு.

"அப்பா ஏன் நடு வயல்ல மெஷினை நிறுத்திட்டாரு?"

"அவரைக் கேளு."

"ஹாமா?" கர்ட் வாணலியை எட்டிப் பார்த்தான். "நேத்து சாப்ஸ், முந்தாநாள் சாஸேஜ். இந்த வீட்ல பன்னிக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாதா?"

"நாம வளர்க்கிறது பன்னி. முதலை வளர்த்தா முதலை சமைக்கிறேன். கையைக் கழுவு. நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?"

கர்ட் குழாயைத் திறந்தான், கழுவினான், மூடினான்.

"பயிற்சியைப் பாதியில நிறுத்திட்டாங்கம்மா. லைல் செத்துட்டான்."

"எந்த லைல்?"

"எத்தனை லைல் இருக்கான்? லைல் ஸ்ட்ராம்க்விஸ்ட். ஜூன்ல நம்ம வயல்ல வைக்கோல் கட்ட வந்தானே. பெல்மர் தானியக் கிடங்குல, காலையில எட்டு மணிக்கு. குதிருக்குள்ள சோளம் கட்டி தட்டிப் போயிருந்துச்சாம். குத்தி விட இறங்கியிருக்கான். மொத்தமா சரிஞ்சு மூடிடுச்சு." கர்ட் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றான். "ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய எடுத்தாங்களாம்."

மார்லிஸின் கையில் இடுக்கி அப்படியே நின்றது.

லைலை அவளுக்குத் தெரியும். ஜூன் மாதம் ஐந்து நாள் இந்த மேஜையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். இதே ஹாம்தான் ஒரு நாள். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, "பாகுல கடுகு போடறீங்களா? எங்கம்மா போட மாட்டாங்க," என்று கேட்டான். அம்மா என்றால் வர்னா ஸ்ட்ராம்க்விஸ்ட், பெல்மர் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. புருஷன் இறந்து ஏழு வருடம். ஒரே பிள்ளை.

"ஐயோ, வர்னா," என்றாள் மார்லிஸ்.

ஹாமைத் திருப்பிப் போட்டாள். திருப்பும்போதுதான் அது உறைத்தது.

எட்டு மணிக்குச் சாவு. அப்படியானால் சங்கிலி எங்கே?

பாத்திர அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தட்டச்சுத் தாள் ஒட்டியிருந்தது. ஜெபச் சங்கிலி: சர்ச் பெண்கள் பன்னிரண்டு பேரின் பெயர், எண். யார் வீட்டிலாவது சாவோ, பிரசவமோ, ஆபரேஷனோ, தீ விபத்தோ என்றால் பாதிரியாரின் மனைவி முதல் பெயரைக் கூப்பிடுவாள். முதல் பெயர் இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. ஒவ்வொருவரும் ஜெபம் செய்ய வேண்டும், கூடவே ஒரு பதார்த்தமும் செய்ய வேண்டும். மார்லிஸ் ஏழாவது. ஆறாவதான ஹேஸல் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் எட்டாவதான டெலோரஸைக் கூப்பிட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும்.

இன்று ஹேஸல் கூப்பிடவில்லை.

மறந்திருப்பாளா? ஹேஸல் எதையும் மறக்கிற ஆள் இல்லை. 1969ல் இரவல் கொடுத்த கேக் தட்டைப் போன மாதம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்.

வாணலியிலிருந்து ஹாமை எடுத்து மூடி வைத்தாள். அதே கொழுப்பில் பழுப்புச் சர்க்கரை, ஒரு கரண்டி கடுகு விழுது, ஆப்பிள் காடி, துளி கிராம்புத் தூள். நுரை பொங்கி அடங்கிப் பாகு பளபளக்கத் தொடங்கியபோது, வெளியே கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஹேஸல்தான். இரண்டு கையாலும் பெரிய தட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு முழங்கையால் கதவைத் தள்ளி வந்தாள். தட்டில் முழு ஹாம். மேல்தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்தி, மூன்று மணி நேரம் அடுப்பில் சுட்டது.

"ஹேஸல்! இப்பதான் கர்ட் சொன்னான். வர்னா வீட்டுக்குத்தானே? ரெண்டு நிமிஷம் இரு. நான் உருளைக்கிழங்கு சாலட் பண்ணித் தரேன், சேர்த்துக் கொண்டு போ."

"வர்னா வீட்டுக்கு மூணு போயாச்சு," என்றாள் ஹேஸல். "இது உங்களுக்கு."

"எங்களுக்கா?"

ஹேஸல் தட்டை மேஜையில் வைத்தாள். அடுப்பில் கொதிக்கும் பாகைப் பார்த்தாள். "அடிப் பாவி, இன்னைக்குமா நீ சமைக்கிறே?" என்று முணுமுணுத்தாள். பிறகு மார்லிஸைக் கட்டிப்பிடித்தாள்.

பக்கத்துப் பண்ணையில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறாள் ஹேஸல். தோளில் ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான். அந்த ஊரில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை. மார்லிஸ் இடுக்கியைப் பிடித்த கையைத் தூக்கியபடி, பாகு சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றாள்.

"பாத்திரத்துக்கு அவசரம் இல்லை. அடியில பேர் ஒட்டியிருக்கேன். ஏதாவது வேணும்னா கூப்பிடு. கூப்பிட மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா கூப்பிடு."

"ஹேஸல், இன்னைக்குச் சங்கிலி வந்துச்சா?"

"பத்தரைக்கே வந்துச்சே."

"நீ என்னைக் கூப்பிடலையே."

ஹேஸல் ஒரு எட்டு பின்னால் போனாள். யாரோ தன் முகத்தில் அறைந்த மாதிரி விழித்தாள்.

"உன்னை எப்படிடி கூப்பிடுவேன்? உன் வீட்டுச் சேதியை உனக்கே வாசிச்சுக் காட்டவா? உன்னைத் தாண்டி டெலோரஸுக்குப் போட்டேன். எப்பவும் அப்படித்தானே செய்யறோம்? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை," என்றாள் மார்லிஸ்.

"வென்டல் எங்கே?"

"சவரம் பண்றான்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு ஹேஸல் போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மை. போன வருடம் டெலோரஸின் கணவருக்கு மாரடைப்பு வந்தபோது, மார்லிஸே எட்டாவது பெயரைத் தாண்டி ஒன்பதாவதைக் கூப்பிட்டாள். எந்த வீட்டில் துக்கமோ அந்தப் பெயரைத் தாண்டிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

இன்று தாண்டிய பெயர் ஏழாவது.

மேஜையில் இருந்த முழு ஹாமை அவள் பார்த்தாள். குழந்தை பிறந்தால் சதுரமாக வெட்டிய இனிப்புக் கேக் வரும். ஆபரேஷன் என்றால் நூடுல்ஸ் போட்ட கோழிக் கலவை வரும். விவாகரத்துக்கு எதுவும் வராது. முழு ஹாம் சாவுக்குத்தான். சூடாக்க வேண்டாம், கெட்டுப்போகாது, எந்த நேரத்தில் யார் வந்தாலும் அறுத்து வைக்கலாம்.

"அம்மா," என்றான் கர்ட். "பாகு."

அடுப்பை அணைத்தாள். ஓரம் கருகிவிட்டிருந்தது. அவளுக்கு வாசனை தெரியவில்லை.

ஜோலீன்.

நாள்காட்டியின் ஓரத்தில் ஜோலீன் எழுதிவிட்டுப் போன எண்ணைத் தேடிச் சுழற்றினாள். விரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. மணி ஒரு தடவை அடித்தது. இரண்டு தடவை. ஐந்து. ஆறு.

"ஹலோ?"

"ஜோலீன்!"

"அம்மா? நான்தானே கூப்பிடறேன்னு சொன்னேன்? அஞ்சு மணிக்கு மேலதான் வெளியூர் போனுக்குச் சார்ஜ் குறையும். இப்பதான் வந்து ஷூவைக் கழட்டறேன்."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"என்ன இருக்கணும்? பஸ்ல ஒருத்தன் என் கால்ல மிதிச்சான். அவ்வளவுதான். அம்மா? அழறியா?"

"இல்லை. வெங்காயம்."

"இந்நேரம் நீ பண்றது ஹாமோ சாஸேஜோதான். அதுல எங்க வெங்காயம்?" ஜோலீனின் குரல் தணிந்தது. "அன்னைக்கு நீ சொன்னது பாதி நிஜம்தான்மா. ரத்தம் எனக்கு ஆகாது."

மூன்று நாளாக மார்லிஸ் காத்திருந்த பேச்சு இது. எழுதித் திருத்திய வாக்கியம் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அவள் கண் மேஜையில் இருந்த முழு ஹாமிலேயே இருந்தது.

"நாளைக்குப் பேசறேன் கண்ணு. கதவைத் தாழ் போட்டுக்கோ," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜோலீன் டெலிபோனில் இருந்தாள். கர்ட் எதிரே பால் டம்ளரோடு நிற்கிறான். வென்டல் மேலே. தான் இங்கே. நாலு பேர். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த ஹாம் யாருக்கு?

செத்தவன் லைல். ஹாம் வந்திருப்பது தன் வீட்டுக்கு. நடுவில் என்ன? அவளுக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. இன்று காலை வென்டல் லாரியில் சோளம் ஏற்றிக்கொண்டு பெல்மர் கிடங்குக்குத்தான் போனான்.

மாடிப்படியின் கீழே போய் நின்றாள்.

"வென்டல்! காலையில நீ லைலைப் பார்த்தியா?"

மேலே குழாய் நின்றது.

"பார்த்தேன்."

"எப்போ?"

"ஏழரைக்கு. சோளத்தை நிறுத்துக் கொட்டினான். நல்லாத்தான் இருந்தான்."

"உன்னால ஏதாவது... உன் லாரி, உன் சோளம்..."

"இல்லை." குரல் உடைந்து பிறகு சேர்ந்துகொண்டது. "என்னால இல்லை, மார்லிஸ். நான் வயலுக்குத் திரும்பினப்புறம்தான் நடந்திருக்கு. நான் கிளம்பும்போது கையை ஆட்டினான்."

ஒரு காரணம் போய்விட்டது, ஹாம் அங்கேயே இருந்தது.

திரும்பி வந்தபோது டெலோரஸ் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். கையில் நூடுல்ஸ் கலவை, தலையில் இன்னும் எடுக்காத இரண்டு சுருள் ஊசி. கர்ட்டிடம், "நீ கொஞ்சம் வெளிய போய்க் காத்து வாங்குடா தங்கம்," என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். டெலோரஸுக்கு வாய் ஓயாது. அந்த ஊரில் அது ஒரு ஊனம் மாதிரி. எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள்.

"உட்காரு மார்லிஸ். நான் ரெண்டு நிமிஷம்தான். கோழி கொஞ்சம் வறண்டு போச்சு, கண்டுக்காதே. சர்ச் சமையல்கட்டுல இன்னைக்குப் பூரா உன் பேச்சுத்தான். சொல்லாம இருக்க என்னால முடியல."

"என் பேச்சா?"

"ஜூன்ல அந்தப் பையனை உன் மேஜையில உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டியே, அதை யாரும் மறக்கல. அஞ்சு நாள்! அன்னைக்கே எல்லாரும் சொன்னோம், மார்லிஸுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு. நானா இருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன். நிஜமாச் சொல்றேன். இருபத்தாறு வருஷம் ஆனா என்ன? எனக்கு அந்த அளவு கிறிஸ்தவ குணம் கிடையாது."

மார்லிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வைக்கோல் கட்ட வந்த பையன் அவன்," என்றாள். "யார் வந்தாலும் சாப்பாடு போடுவேன்."

"அதைத்தான் சொல்றேன்! முகத்துல ஒரு சுளிப்பு இல்லாம..."

டெலோரஸ் நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக அவளுடைய கை தன் வாயருகே போனது.

"உனக்கு..." என்றாள்.

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை."

"டெலோரஸ், எனக்கு என்ன?"

"நான் ஒரு முட்டாள். என் வீட்டுக்காரர் நாளைக்கு நாலு தடவை சொல்றாரு, நான்தான் கேக்கறதில்லை." பின்பக்கமாகவே நடந்து கதவுக்குப் போனாள். "நீ சாப்பிடு. ஏதாவது சாப்பிடு."

கார் வேகமாகப் பின்னால் போய், தபால் பெட்டிக் கம்பத்தில் இடித்து, நிற்காமல் சாலைக்குத் திரும்பியது.

மார்லிஸ் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். முள்கரண்டி, கத்தி. வேகவைத்த உருளைக்கிழங்கு. பாட்டிலில் இருந்து பச்சை பீன்ஸ். கைகள் தாமாகவே வேலை செய்தன. தலைக்குள் சின்னக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 1984. லைலுக்கு இருபத்தாறு. அப்படியானால் 1958. தான் மினசோட்டாவிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது 1961ல். அதற்கு முன்னால் இந்த ஊரில் நடந்ததை யாராவது சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

யாரும் எதையும் சொல்லாத ஊர் இது.

வென்டல் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமைக் காலணி, தாடையில் பிளேடு வெட்டிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதம். மேஜையில் இருந்த முழு ஹாமையும் நூடுல்ஸ் கலவையையும் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது. இந்தப் பாத்திரங்கள் இந்த வீட்டுக்கு வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான்.

கர்ட் வந்து உட்கார்ந்தான். அவன்தான் ஜெபம் சொன்னான். வேகமாக, மூச்சு விடாமல், எப்போதும் போல.

மார்லிஸ் ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு வைத்தாள். கருகின ஓரத்துப் பாகைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

வென்டல் கத்தியை எடுத்தான். அவன் எப்போதும் முதலில் துண்டு முழுவதையும் சதுரம் சதுரமாக வெட்டி முடிப்பான். பிறகு கத்தியைத் தட்டின் மேல் விளிம்பில் குறுக்காக வைப்பான். அதற்கப்புறம்தான் சாப்பிடுவான். கர்ட்டும் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தான். பார்த்துப் பழகியது.

ஜூன் மாதம் இதே மேஜையில் உட்கார்ந்த லைலும் அப்படித்தான் வெட்டினான். அவன் வென்டலைப் பார்த்துப் பழகியிருக்க வழியில்லை.

"அப்பா," என்றான் கர்ட், வாய் நிறையச் சாப்பாட்டோடு. "ஏன் எல்லாரும் சாப்பாடு கொண்டு வந்து தராங்க? நம்ம வீட்ல யார் செத்தாங்க?"

வென்டலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் மகனைப் பார்க்கவில்லை. மார்லிஸைப் பார்த்தான்.

"ஏழு மணிக்கு பெல்மர்ல சவ அடக்க நிலையத்துல இருக்கணும்," என்றான். "நாளைக்குப் பேப்பர்ல மரண அறிவிப்பு வரணும். பெத்தவங்க பேரு கேக்கறாங்க. வர்னா காலையில வயலுக்கே ஆள் அனுப்பியிருந்தா. என் பேரைப் போடறதா வேண்டாமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மார்லிஸைக் கேக்காம முடியாதுன்னு சொல்லியனுப்பினேன்."

"என்ன கேக்கணும்?" மார்லிஸுக்குத் தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. "நீ இன்னும் எனக்கு எதுவும் சொல்லவே இல்லையே, வென்டல். எதைக் கேப்பே?"

வென்டலின் முகம் மெல்ல மெல்ல மாறியது. இத்தனை நேரம் அதில் துக்கம் இருந்தது. இப்போது பயம் வந்தது.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்," என்றான்.

"இருபத்து மூணு வருஷமாவா?"

"ஊருக்கே தெரியும். நீ வந்த முதல் வருஷமே யாராவது சொல்லியிருப்பாங்கன்னு..."

"யாராவதா!"

"நீ எதுவும் கேக்கல. நானும் பேசல. நீ மன்னிச்சுட்டே, அதைப் பேசி நோகடிக்க விரும்பலேன்னு நினைச்சேன். அப்புறம் ஜூன்ல அவனுக்கு நீ ரெண்டாவது துண்டு வெச்சே, மூணாவது வெச்சே. நான் எழுந்து வெளிய போயிட்டேன், ஞாபகம் இருக்கா? பன்னிக் கொட்டிலுக்குப் பின்னால போய் அழுதேன், மார்லிஸ். எந்தப் பொம்பளை இப்படிச் செய்வான்னு."

"பசிச்ச பையனுக்குச் சாப்பாடு வெச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன்."

"அம்மா," என்றான் கர்ட். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தான். "என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?"

அடுப்பின் மேல் இருந்த கடிகாரத்தில் ஆறு பத்து. பாகு தட்டில் ஆறி இறுகத் தொடங்கியிருந்தது.

"மார்லிஸ், பேப்பர்ல போட..."

"பேப்பர் கிடக்கட்டும்." அவள் எழுந்தாள். "ஊர்ல எல்லாருக்கும் சொல்லாமலே தெரிஞ்சிருக்கு. பதினோரு பொம்பளைங்க என்னைத் தாண்டிப் பேசி, எனக்காக ஜெபம் பண்ணி, ஹாம் சுட்டுக் கொண்டு வந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு இவன் பள்ளிக்கூடம் போவான். அங்கேயும் இவனைத் தாண்டிப் பேசுவாங்க. என் மகனுக்கு அது வேண்டாம்."

"மார்லிஸ், தயவுசெஞ்சு."

"எனக்கு நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சு, அரை மணி நேரமா. அவனுக்குச் சொல்லு. வாயைத் திறந்து, சத்தமா, இங்கேயே."

வென்டல் கர்ட்டின் பக்கம் திரும்பினான். தாடையில் ஒட்டியிருந்த காகிதம் உதிர்ந்து சட்டையில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மேஜையின் மேல் விரித்து வைத்தான்.

கர்ட் காத்திருந்தான்.

"லைல் என் மகன்," என்றான் வென்டல்.